சுவருக்குச் சொந்தக்காரன்

கட்சித் தலைமையிடமிருந்து வந்த வாசகத்தை முத்துவேல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தான். எழுத்துகள் எல்லாம் பழகிய எழுத்துகள்தான். பொருள்தான் பிடிபடவில்லை. ‘இணையத்தில் எழுதுவோரைச் சிறையில் தள்ளும் சட்டத்தைத் திரும்பப் பெறு! மத்திய அரசைக் கண்டித்து மாபெரும் பொதுக்கூட்டம்.’ விலைவாசி, காவிரி, மின்வெட்டு என்று எத்தனையோ கண்டனங்களை அவன் எழுதியிருக்கிறான். இணையம் என்ற சொல்லை அவன் பிரஷ் இதுவரை தொட்டதில்லை.

ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்தது. நெல்லியேரி ரைஸ்மில் சுவரில் ஈரம் முழுதாக வற்றவில்லை. மாசி முன்னால் சுண்ணாம்பு அடித்துக்கொண்டே போக, முத்துவேல் பின்னால் நீலத்தில் கோடு இழுத்துக்கொண்டே வந்தான். பல வருஷமாக இப்படித்தான். மாசிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவன் வெள்ளையடித்த சுவர், துவைத்து உலர்த்திய வேட்டி போல இருக்கும்.

“இன்னா ஆர்ட்டிஸ்ட்டண்ணே, பிரஷ்ஷ கைல புட்சிக்கினு சாமி கும்புட்ற மாரி நிக்கிற?”

“இணையம்னா இன்னாடா மாசி?”

“என்னியப் போய் கேக்கிற பாரு. பாலாவைக் கேளு. அவன் காலேஜுல அதத்தான் படிக்கிறானாம். வூட்ல சோறு துன்ற நேரத்துலகூட அத்தப் பத்திதான் பேச்சு. எங்களுக்கு ஒரு எயவும் புரியாது, கேட்டுக்கினு இருப்போம்.”

அப்போதுதான் தங்கவேலுவின் ஜீப் வந்து நின்றது. கட்சியின் ஒன்றியச் செயலாளர் அவர். ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, மாவட்டச் செயலாளரை மாவட்டம் என்பதுபோல இவரை ஒன்றியம் என்பார்கள். ஒன்றியம் வர்றாரு, ஒன்றியம் கோவமா கீறாரு. செய்யாற்றில் மணல் அள்ளும் லாரிகள் அவருடையவை என்பதும் ஊருக்குத் தெரியும். அதை மட்டும் யாரும் எந்தப் பெயரிலும் சொல்வதில்லை.

இறங்கியதும் அவரும் சுவரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். “ஒரு மணி நேரம் நான் பேசணுமாம்யா. மாவட்டம் சொல்லிட்டாரு. இன்னான்னு பேசறது? விலைவாசின்னா விடிய விடிய பேசுவேன்.”

“நம்ம மாசி பையனுக்குத் தெரியுமாம்ணே,” என்றான் முத்துவேல்.

அந்த ஒரு வரியை அவன் சும்மாதான் சொன்னான்.

மறுநாளே தங்கவேலு பாலாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போனார். சுவர் ஆள் என்பதால் முத்துவேலையும் கூப்பிட்டுக்கொண்டார். ஜீப்பில் முன்னால் உட்காரச் சொன்னபோது பாலா தயங்கினான். ஏரிக்கரை இருளர் குடியிருப்பிலிருந்து கல்லூரிக்குப் போகிற முதல் பையன் அவன். நெல்லியேரியில் அவனை முன்னால் உட்காரச் சொன்னவர் யாரும் இதற்குமுன் இல்லை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அந்தத் தயக்கம் அவனை விட்டுப் போய்விட்டது. சட்டத்தை முதலில் விளக்கினான். ஒருத்தருக்கு எரிச்சல் உண்டாகிற மாதிரி எழுதி அனுப்பினாலே மூன்று வருஷம் வரை உள்ளே போடலாம் என்றான்.

“எரிச்சல் வந்தாவே மூணு வருஷமா?” தங்கவேலு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “அப்ப எம் பொண்டாட்டிய ஆயுசுக்கும் உள்ள வெக்கணுமேடா!”

அப்புறம் ஆர்குட் என்ற இணையதளத்தைத் திறந்து காட்டினான். அவனுடைய பக்கம். ஒரு மூலையில் அவன் படம், கீழே நண்பர்கள் படங்கள், நடுவில் மற்றவர்கள் எழுதிவிட்டுப் போன குறிப்புகள். நெல்லியேரி ஏரி நிரம்பி வழிகிற படம் ஒன்றையும் போட்டிருந்தான்.

“சுவரு மாரி கீது,” என்றான் முத்துவேல்.

“அதேதாண்ணா! ஒவ்வொருத்தருக்கும் ஒரு சுவரு.” பாலாவின் முகம் மலர்ந்தது. “ஆனா இதுல யாரு வேணா வந்து எழுதலாம். நம்மள கேக்க வேணாம்.”

“சொந்தக்காரனைக் கேக்காமயா?”

“கேக்காமதான். அதாண்ணா இதுல அழகே. இங்க பாரு, பிரேசில்னு ஒரு தேசம், பூமிக்கு அந்தப் பக்கம். அங்கேர்ந்து ஒரு பொண்ணு நம்ம ஏரியப் பாத்துட்டு நல்லா கீதுன்னு எழுதிட்டுப் போயிருக்குது.” கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “எங்க வூட்டுக்குச் சுவரே கெடையாதுல்லண்ணா. நாலு பக்கமும் ஓலதான். எனக்குன்னு இந்த ஒரு சுவருதான்.”

முத்துவேல் திரையைப் பார்த்தான். மின்விசிறி சத்தத்துக்கு நடுவே, எங்கோ ஒரு பெண் ஈரக் கூந்தலைக் கோதியபடி இந்த ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றியது. ஆனாலும் கேட்காமல் எழுதலாம் என்பது அவன் மனசில் ஒட்டவில்லை.

அவன் தொழிலில் அப்படிக் கிடையாது. சுவர் எழுதுகிறவன் எல்லாக் கட்சிக்கும் எழுதுவான். இன்றைக்கு ஒருவரை வாழ்க என்பான். அதே கையால் நாளைக்கு அவரையே ஒழிக என்பான். அதற்காக அவனை அடிக்கப் புறப்பட்டால் ஒரு ஆர்ட்டிஸ்ட்கூட மிஞ்ச மாட்டான். ஆகவே இந்த வட்டாரத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சுவரில் ஏதாவது ஏடாகூடமாக எழுதியிருந்தால் எழுதியவனைத் தேடக் கூடாது. சுவருக்குச் சொந்தக்காரனைத்தான் கேட்க வேண்டும். அவன் சம்மதம் இல்லாமல் அங்கே ஒரு புள்ளி விழாது. எல்லாக் கட்சிக்காரர்களும் ஒப்புக்கொண்ட வழக்கம் இது. முத்துவேல் இத்தனை வருஷம் கைகால் முழுசாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

கூட்டத்தன்று மத்தியானம் அவன் மேடைக்குப் பின்னால் தரையில் துணியை விரித்து பேனர் எழுதிக்கொண்டிருந்தான். மாவட்டச் செயலாளர் பெயரில் பாதிதான் முடிந்திருந்தது. தங்கவேலு நான்கைந்து ஆட்களோடு வேகமாக வந்தார். காலையில் உத்திரமேரூருக்குப் போய்விட்டு வந்திருந்தார். ஆர்குட்டை ஆட்களுக்குக் காட்டிப் பெருமையடிக்கப் போனவர், கறுத்த முகத்தோடு திரும்பியிருந்தார்.

“ஆர்ட்டிஸ்ட்டு, ஒண்ணு கேக்கறேன், ஒயுங்கா பதில் சொல்லு. ஒரு சுவத்துல நம்மளத் திட்டி எழுதிக்கீது. யாரப் புடிக்கிறது? எழுதனவனையா, சுவத்துக்காரனையா?”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். மாவட்டத்திலிருந்து வந்த கட்சிக்காரர்கள் இரண்டு பேர்கூட அதில் இருந்தார்கள். இத்தனை பேர் அவனிடம் நியாயம் கேட்டு நின்றது இதுதான் முதல் தடவை. முத்துவேல் பிரஷைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தான்.

“இதுல இன்னாண்ணே சந்தேகம்? சுவத்துக்காரன்தான் பதில் சொல்லணும். அவன் வுடாம எவன் எழுத முடியும்? எந்த ஊரு போனாலும் அதான் வயக்கம்.”

“கேட்டுக்கங்கடா. ஆர்ட்டிஸ்ட்டே சொல்லிட்டான்.” தங்கவேலு தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். “அந்த மாசி மவன் சுவத்துலதான் எழுதிக்கீது. ‘ஆத்து மணல வித்து மேடை போட்ற ஒன்றியமே, குழியில முழுகிச் செத்த எல்லம்மா புள்ளைக்கு இன்னா பதிலு?’ எவனோ இங்கிலீஷ் எழுத்துல தமிழ எழுதி, மூஞ்சியில்லாத ஒரு படத்தப் போட்டு வெச்சிக்கீறான். ஜீப்புல முன்னாடி ஒக்கார வெச்சேன்டா அவன!”

எல்லம்மாளின் பையன் போன மாதம் ஆற்றில் லாரிகள் தோண்டிய குழியில் மூழ்கிச் செத்தவன். மணல் லாரிகள் ஒரு வாரம் ஓடவில்லை, பிறகு ஓடின.

முத்துவேல் பிரஷைக் கீழே வைத்தான். “அண்ணே, அது இந்தச் சுவரு மாரி இல்லண்ணே. அதுல யாரு வேணாலும்...” என்று ஆரம்பித்தான். “ஹலோ மைக் டெஸ்டிங்” என்று ஒலிபெருக்கி அலறியது. மாவட்டத்தின் கார் திருப்பத்தில் தெரிந்தது. தங்கவேலு வேட்டியை மடித்துக் கட்டியிருந்ததை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஓடினார். பேனரில் பாதிப் பெயர் ஈரமாக இருந்தது. இதை முடித்துவிட்டுச் சொல்லலாம், கூட்டம் முடிந்து அவர் சந்தோஷமாக இருக்கும்போது சொல்லலாம் என்று முத்துவேல் குனிந்து எழுதத் தொடங்கினான்.

அன்று சாயங்காலம் தங்கவேலு பேசியதைப் போல அதற்கு முன் பேசியதே இல்லை. எரிச்சலுக்குச் சிறையா என்று கேட்டார். கொசு கடித்தால்கூட எரிச்சல்தான், கொசுவுக்கு மூன்று வருஷம் போடுவீர்களா என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஓலைக் குடிசையில் பிறந்த ஏழை மகன் இன்றைக்கு உலகத்தோடு பேசுகிறான், அவன் வாயை மூடவா இந்தச் சட்டம் என்று கையை ஓங்கினார். மாவட்டம் எழுந்து வந்து சால்வை போர்த்தினார். முத்துவேலும் கை தட்டினான். இப்படிப் பேசுகிறவர் ஒரு பையனை என்ன செய்துவிடப் போகிறார் என்று நினைத்தபடியே வீட்டுக்குப் போய்ப் படுத்தான்.

காலையில் மாசி வாசலில் நின்றான். ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது.

“பாலாவ புட்சிக்கினு பூட்டாங்கண்ணே. ஸ்டேஷனுக்கு. பல்லுகூட வெளக்கல அவன். எதுக்குன்னு கேட்டா, உம் மவன் சுவத்துல எழுதிட்டான்றாங்க. எங்களுக்கு ஏது சுவரு? நீதான் சுவத்து ஆளு, நீ வந்து ஒரு வார்த்த சொல்லுண்ணே.”

முத்துவேல் சட்டையை மாட்டிக்கொண்டான். உள்ளே இருந்து மனைவி ரேவதி பின்னாலேயே வந்தாள். “ஒன்றியத்த எதுத்துக்கினு இந்த ஊர்ல ஒரு அடி சுவரு உனக்கு கெடைக்காது. தெரிஞ்சிக்கினு போ,” என்றாள். போக வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஸ்டேஷனில் பாலா தரையில் குந்தியிருந்தான். சட்டையைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் வயதானவர், ரிட்டயர் ஆக அதிக நாள் இல்லை. மேஜைக்கு எதிரே நாற்காலியில் தங்கவேலு உட்கார்ந்து, புதுச் சட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார். எந்தப் பிரிவு, என்ன தண்டனை, எப்போதிலிருந்து அமலுக்கு வந்தது என்று தங்குதடை இல்லாமல் வந்தது. பாலா அன்றைக்குச் சொல்லிக்கொடுத்ததை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னார். அந்த வட்டாரத்திலேயே அந்தச் சட்டம் தெரிந்த ஒரே ஆள் இப்போது அவர்தான். தரையில் குந்தியிருந்தவனைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

சப்-இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துடைத்தார். “ஏன் ஒன்றியம், நேத்து மேடையில இதே சட்டத்த கியி கியின்னு கியிச்சீங்களே?”

“அது கட்சி நிலைப்பாடு. இது என் மானம். ரெண்டையும் போட்டு கொயப்பாதீங்க.”

“சரி, இவன்தான் எழுதினான்னு யாரு சொல்றது?”

“இதோ வர்றான் பாருங்க. சுவத்து வெவகாரம்னா இவன் சொன்னா சொன்னதுதான். நேத்து நாலு பேரு முன்னாடி சொன்னான். ஆர்ட்டிஸ்ட்டு, அய்யாகிட்ட சொல்லு.”

முத்துவேல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். விரல் நகங்களில் நேற்றைய சிவப்புப் பெயின்ட் இருந்தது. தங்கவேலு அவனைப் பார்த்த பார்வையில் மிரட்டல் எதுவும் இல்லை. இவன் வேறு எதுவும் சொல்வான் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. அதுதான் முத்துவேலைச் சுட்டது. தண்ணீருக்குள் குதிக்கிறவன் போல மூச்சை இழுத்துக்கொண்டான்.

“நான் சொன்னது சுண்ணாம்புச் சுவத்துக்குங்கய்யா. இது அது இல்ல. இதுல யாரு வேணா வந்து எழுதிட்டுப் போலாம். சொந்தக்காரனக் கேக்க வேணாம். அந்தப் பையன் இத எழுதல. எழுதனது யாருன்னு அவனுக்கே தெரியாது. யாரு வேணா எழுதலாம்னு பையன் காட்டனப்ப ஒன்றியமும்தான் கூட இருந்து பாத்தாரு.”

வெளியே மரத்தடியில் நின்ற மாசிக்கும் இது கேட்டது. பாலா தலையைத் தூக்கி முத்துவேலைப் பார்த்தான். உதடு வெடித்திருந்தது. அந்த உதட்டோடு சிரிக்கப் பார்த்தான்.

சப்-இன்ஸ்பெக்டருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். “அப்ப விடுங்க ஒன்றியம். இந்த கம்ப்யூட்டர் கேஸெல்லாம் எனக்கு மேல இருக்கறவருதான் விசாரிக்கணும். நாளைக்கு அவரு வந்து எழுதனவன் எங்கன்னு என்னைக் கேப்பாரு. எனக்கு எதுக்கு இந்த பேஜாரு?”

தங்கவேலு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முத்துவேலைக் கடந்து போகும்போது அவன் பக்கம் திரும்பவே இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் பின்னாலேயே போனார். இரண்டு பேரும் ஜீப்பருகில் நின்று பேசினார்கள்.

உள்ளே ஏட்டு பாலாவிடம் சட்டையைத் தூக்கிப் போட்டார். “போட்டுக்கோ. நேரம் நல்லா கீது உனக்கு.” மாசி ஓடி வந்து முத்துவேலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். முத்துவேலுக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. இனிமேல் சுவர் கிடைக்காது. கடைப் பலகை எழுதலாம், லாரிக்கு நம்பர் எழுதலாம், எப்படியும் வயிறு நிறையும். பாலா தாழ்ந்த குரலில், “அத அழிச்சிட்றேண்ணா. ஒரு நிமிஷத்துல அழிச்சிடலாம்,” என்றான். “சுவரையே மூடி வெச்சிட்றேன். எனக்குத் தெரிஞ்சவங்க மட்டும் எழுதற மாரி.”

“மூட வேணாம்டா,” என்றான் முத்துவேல். “அந்தப் பொண்ணு வந்து பாத்தா இன்னா நெனைக்கும்?”

சப்-இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். “எந்த எடம்டா நீ?”

“ஏரிக்கரை சார்.”

“அந்த இருளர் கொட்டாயா?”

“ஆமா சார்.”

“ஏட்டய்யா, ஏரிக்கரை பக்கம் பம்ப்செட் மோட்டார் காணாமப் போன கேஸ் ஒண்ணு நிக்குதே. புடிபடாம.”

ஏட்டு ஒரு நொடி புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டார். பாலா மாட்டிய சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தான். ஏட்டு அவன் காலரைப் பிடித்து உள்ளறைப் பக்கம் இழுத்தார். “சார், நான் காலேஜு படிக்கிறேன் சார், அன்னிக்கு காலேஜுல இருந்தேன் சார்,” என்று பாலா கத்தினான். எந்த நாள் என்று யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது. முதல் அடியின் சத்தம், ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல இருந்தது. மாசி கத்தவில்லை. அவன் தலைமுறைக்கு இந்தக் கதவு தெரியும். அப்படியே தரையில் உட்கார்ந்து, காதுகளைப் பொத்திக்கொண்டான்.

“அய்யா, இப்பதானே உட்டுடறன்னு...” முத்துவேல் மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

“அந்த கேஸத்தான் விட்டுட்டேனே.” சப்-இன்ஸ்பெக்டர் சலிப்போடு சொன்னார். “நீதான சொன்ன, அவன் எழுதலன்னு. அத்த நான் ஒத்துக்கினேன். இது வேற. வெளியில போ.”

வெளியே ஜீப்பில் சாய்ந்தபடி தங்கவேலு டீ குடித்துக்கொண்டிருந்தார். கோபம் போய்விட்டிருந்தது. முத்துவேலைக் கையசைத்து அழைத்தார்.

“நீ சொன்னதும் ஒரு விதத்துல நல்லதாப் போச்சு ஆர்ட்டிஸ்ட்டு. நான் பாட்டுக்கு அந்தச் சட்டத்துல புகார் குடுத்துட்டிருந்தா நாளைக்கு பேப்பர்காரன் கியிச்சிருப்பான். மாவட்டமும் கேப்பாரு. இப்ப பாரு, அந்தச் சட்டத்த நான் தொடவே இல்ல. கட்சி நிலைப்பாட்டுலேர்ந்து ஒரு இஞ்ச் நகரல.” டம்ளரைக் கீழே வைத்தார். “மழ வர்றதுக்குள்ள பாக்கி சுவத்தையும் முடிச்சிடு.”

சாயங்காலம் பாலாவை மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தினார்கள். மோட்டாரைத் திருடியதாக ஒப்புக்கொண்டு கைரேகை வைத்திருந்தான். கையெழுத்துப் போடத் தெரிந்த பையன் ஏன் ரேகை வைத்தான் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அவன் வலது கையை மடித்து மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். விரல்கள் ஊதிக் கிடந்தன.

மாசிக்காக வந்த வக்கீல் பார்த்திபன் இளைஞர். காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு முத்துவேலைத் தனியாகக் கூப்பிட்டார்.

“முதல்ல ஏதோ நெட்டுல எழுதின கேஸ்னு சொன்னாங்களே?”

“அத நான் சொல்லி உட்டுட்டாங்க சார்.”

“அதுலயே போட்டிருந்தா இன்னிக்கே ஜாமீன்ல கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன். அது ஜாமீன் குடுக்கற கேஸு. கோர்ட்லயும் நிக்காது.” வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினார். “இது வேற. ஒரு தடவ இதுல பேரு ஏறிடுச்சுன்னா, இனிமே இந்தப் பக்கம் எது காணாமப் போனாலும் இவனத்தான் தேடி வருவாங்க. காலேஜும் அவ்வளவுதான்.”

பாலாவை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் அம்மா பொன்னியம்மாள் வேனுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நின்றாள். தன் மகன் எந்த ஊருக்குப் போகிறான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. செங்கல்பட்டு சப்-ஜெயில் என்று முத்துவேல்தான் சொன்னான்.

மாசியும் பொன்னியம்மாளும் செங்கல்பட்டு பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள், அவர்களை ஏற்றிவிட முத்துவேலும் கூட நின்றான். தூறல் போட ஆரம்பித்தது. மாசி தன் தலைத் துண்டை எடுத்து முத்துவேலின் தலையில் போர்த்தினான். வேண்டாம் என்று முத்துவேல் விலகினான். மாசி விடவில்லை.

“யார் இன்னா சொன்னாலும் சொல்லட்டும்ணே. அத்தினி பேரு நடுவுல எம் புள்ளைக்காக நீ ஒருத்தன்தான் வாயத் தொறந்த. எங்க சனத்துக்கு இதுவரைக்கும் யாரும் அப்படி பேசனதில்ல. இத நான் மறக்க மாட்டேன்.” பொன்னியம்மாளிடம் திரும்பினான். “கும்புட்டுக்கோடி.”

அவள் ஈரத் தரையில் குனிந்து முத்துவேலின் காலைத் தொட்டாள். வக்கீல் சொன்னதை இவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று முத்துவேல் வாயைத் திறந்தான். செங்கல்பட்டு பஸ் வந்து நின்றது. ஏறச் சொல்லி கண்டக்டர் கத்தினான். அவர்கள் ஏறிக்கொண்டார்கள். மாசி ஜன்னல் வழியே இரண்டு கைகளையும் கூப்பினான். பஸ் நகர்ந்து கண்ணை விட்டு மறையும்வரை அந்தக் கைகள் இறங்கவில்லை.